நேர்காணலும் வழிகாட்டி நூலும்: இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் ஒரு பக்க வரலாறு

இந்திய அரசுப் பணிகளுக்கான நேர்காணலின் வரலாறு பெரும்பாலும் எழுத்துத் தேர்வின் வரலாற்றுக்கு ஒரு பின்குறிப்பாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அந்த நேர்காணல் தோன்றிய சூழலையும், அதன் பின்னாலேயே தொடர்ந்து வந்த வழிகாட்டி நூல்களையும் சேர்த்துப் பார்த்தால், புத்தகம் படித்துத் தேறி வருபவர் மீது தேர்வாளர்களுக்கு இருந்த நெடுநாள் ஐயமே நேர்காணலைப் பெற்றெடுத்தது என்பதும், எந்தத் தயாரிப்பாலும் எட்ட முடியாத ஒன்றை அளப்பதற்கென்று வைக்கப்பட்ட அந்தத் தேர்வையும் ஒரு பாடமாக மாற்றிக் காட்டியது வழிகாட்டி நூல் என்பதும் தெளிவாகும்.

1853க்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பணிகளுக்கு ஆளெடுக்கும் முறை எளிமையானதாக இருந்தது. கம்பெனியின் இயக்குநர் ஒருவர் தம் உறவினர் மகனையோ நண்பர் மகனையோ பெயர் சொல்லிப் பரிந்துரைப்பார். அந்த இளைஞர், 1806இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ஹெய்லிபரியில் நிலைகொண்ட கம்பெனிக் கல்லூரியில் படித்துவிட்டுக் கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ பம்பாய்க்கோ கப்பலேறுவார். இத்தகைய முறையில் ஒருவரின் பேச்சு, நடை, பழக்கம் ஆகியவற்றைத் தனியே சோதித்துப் பார்க்கும் தேவை எழவில்லை, ஏனெனில் அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்பது பரிந்துரைத்தவருக்கு முன்பே தெரிந்திருந்தது. 1853ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இந்தப் பரிந்துரை உரிமையைப் பறித்து, போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது; அதன் விதிகளை வகுப்பதற்காக மெக்காலே தலைமையில் அமைந்த குழு 1854இல் தன் அறிக்கையை அளித்தது. ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியைச் சேர்ந்த பெஞ்சமின் ஜோவெட்டும் அக்குழுவில் ஓர் உறுப்பினர்.

1855இல் லண்டனில் நடந்த முதல் தேர்வை 18 முதல் 23 வயதுக்கு உட்பட்டவர்கள் எழுதலாம் என்றிருந்தது. மொத்த மதிப்பெண் 6,875. அதில் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1,500, கணிதத்துக்கு 1,000, கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தலா 750 என்று ஒதுக்கிய குழு, சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலா 375 மட்டுமே தந்தது. எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை; விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். வாய்மொழிக் கேள்விகளும் அப்போதே உண்டு, ஆனால் அவை அந்தந்தப் பாடத்தில் மாணவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதைக் கேட்டவையே ஒழிய, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைக் கேட்டவை அல்ல. நல்ல பல்கலைக்கழகக் கல்வி பெற்ற கண்ணியவான்களை இத்தேர்வு தானாகவே பொறுக்கி எடுத்துவிடும் என்று மெக்காலே குழு நம்பியது. அகலமாகவும் ஆழமில்லாமலும் படித்து வருபவருக்குப் பரிசளிக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்பதையும் அது அறிக்கையிலேயே வற்புறுத்தியிருந்தது.

அந்த நம்பிக்கையைக் குலைத்தவர்கள் லண்டனின் தனிப்பயிற்சிக்கூட நடத்துநர்கள். தேர்வுக்கு வேண்டியதை மட்டும் குறுகிய காலத்தில் மாணவருக்குள் திணித்து அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட இக்கூடங்களில் பெயர் பெற்றது, நாட்டிங் ஹில் பகுதியின் போவிஸ் சதுக்கத்தில் வால்டர் ரென் என்பவர் நடத்தியது. (பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஆங்கில இலக்கண நூலின் ஆசிரியரான பி. சி. ரென் வேறு, இவர் வேறு.) வெளியுறவுப் பணிக்குச் செல்ல விரும்பியோர் காரிக் தெருவில் ஸ்கூன்ஸ் என்பவர் நடத்திய கூடத்தை நாடினர். இக்கூடங்களின் திறமை பாடம் நடத்துவதில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. 6,875 மதிப்பெண்ணை எப்படிப் பங்கிட்டால் எந்த மாணவருக்கு இலாபம், ஓராண்டு உழைப்பில் இத்தாலிய மொழி எத்தனை மதிப்பெண் தரும், அதே உழைப்பைக் கணிதத்தில் போட்டால் எத்தனை கிடைக்கும் என்ற கணக்கை அவை துல்லியமாக அறிந்திருந்தன. பழைய வினாத்தாள்களைத் திரட்டி, தேர்வாளர் யார், அவருக்குப் பிடித்த பகுதி எது என்பதையும் கவனித்து வந்தன. இன்றைய போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்களின் வேலை இதுவேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐ.சி.எஸ். எனப்பட்ட இந்திய சிவில் சர்வீஸ் தேர்வில் வென்றவர்களுள் பெரும் பங்கினர் இத்தகைய கூடங்களின் வழியே வந்தவர்களாக இருந்தனர்.

தேர்வை நடத்தியவர்கள் சும்மா இருக்கவில்லை. மேலோட்டமாகப் படித்த பாடங்களால் மதிப்பெண் சேர்ப்பதைத் தடுக்க, ஒவ்வொரு பாடத்திலும் ஒரு குறிப்பிட்ட அளவு மதிப்பெண்ணைக் கழித்த பிறகே மீதியைக் கணக்கில் சேர்க்கும் விதி வந்தது. சால்ஸ்பரி பிரபு இந்தியத் துறை அமைச்சராக இருந்தபோது நடந்த விவாதத்தின் முடிவில், பள்ளியிலிருந்து நேரே பிள்ளைகளை எடுத்துவிட்டால் தனிப்பயிற்சிக்கூடங்களுக்கு வேலை இருக்காது என்ற எண்ணமும் சேர்ந்து, வயது உச்சவரம்பு 1878 முதல் 19 ஆகக் குறைக்கப்பட்டது. நடந்ததோ நேர்மாறு. பதினேழு வயதுப் பையன்களைப் பள்ளியிலிருந்து இடையிலேயே எடுத்து ரென்னிடம் சேர்க்கும் வழக்கம் வலுத்ததுதான் மிச்சம். இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்று அந்நிய மொழியில் தேர்வெழுத வேண்டிய இளைஞர்களுக்கோ இந்த வரம்பு கதவைச் சாத்தியது போலாயிற்று. இதை எதிர்த்துச் சுரேந்திரநாத் பானர்ஜி நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்து பேசியது இந்திய அரசியல் வரலாற்றில் தனி அத்தியாயம். 1892இல் வரம்பு மீண்டும் 23 ஆக உயர்த்தப்பட்டது.

புத்தகத்துக்கு அப்பாற்பட்ட தகுதியைச் சோதிக்க அக்காலத்தில் இருந்த ஒரே கருவி குதிரையேற்றம்தான். எழுத்துத் தேர்வில் வென்று பயிற்சிக்காலத்தையும் முடித்தவர், குதிரை மீது உறுதியாக அமர்ந்து ஓட்டிக் காட்டினால் மட்டுமே பணியில் சேர முடியும். 1890இல் எழுத்துத் தேர்வில் வென்ற அரவிந்த கோஷ், 1892இல் இந்தக் குதிரையேற்றத் தேர்வுக்குச் செல்லாமல் இருந்ததால் பணியை இழந்தார். பிற்காலத்தில் புதுச்சேரியில் ஆசிரமம் கண்டவர் அவரே. மாவட்டத்தைக் குதிரையில் சுற்றி ஆள வேண்டிய அதிகாரிக்கு அத்திறன் தேவைதான் என்று வாதிட இடமிருந்தாலும், குதிரை வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது ஒரு தேர்வே அல்ல என்பதையும், கல்கத்தாவிலோ கும்பகோணத்திலோ இருந்து போனவனுக்கு அதுவும் பணம் கொடுத்துக் கற்க வேண்டிய இன்னொரு பாடம் என்பதையும் மறுக்க இயலாது. பின்னால் வந்த நேர்காணலின் முக்கியச் சிக்கல் இதிலேயே அடங்கியிருக்கிறது.

நேர்காணல் என்று இன்று அறியப்படும் தேர்வு, முதல் உலகப்போரின் நடுவில் உருப்பெற்றது. பிரிட்டனின் உயர் அரசுப் பணித் தேர்வுகளைச் சீரமைக்க ஸ்டான்லி லீத்ஸ் தலைமையில் அமைந்த குழு, 1917இல் தந்த அறிக்கையில், பாட அறிவைத் தொடாத, ஒருவரின் விழிப்பு, அறிவுக்கூர்மை, சிந்தனைப் போக்கு ஆகியவற்றை மட்டும் பார்க்கும் ஒரு வாய்மொழித் தேர்வைப் பரிந்துரைத்து, அதற்கு 300 மதிப்பெண் ஒதுக்கச் சொன்னது. போருக்குப் பின் அது நடைமுறைக்கு வந்து, ஐ.சி.எஸ். தேர்வையும் தழுவியது. எழுத்துத் தேர்வைத் தனிப்பயிற்சிக்கூடம் கைப்பற்றிக்கொண்டது. ஆனால் மேசைக்கு எதிரே அமர்ந்து பேசும் மனிதரை யாரும் தயாரித்து அனுப்ப முடியாது என்ற எண்ணமே இந்த ஏற்பாட்டின் அடித்தளம்.

அந்த எண்ணம் எவ்வளவு உறுதியானது என்பதை 1935இல் வெளிவந்த ஓர் ஆய்வு சோதித்தது. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த ஃபிலிப் ஹார்டாக், ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து, தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்திய அந்த ஆய்வில், ஒரே 16 விண்ணப்பதாரர்களைத் தனித்தனியே இரண்டு நேர்காணல் குழுக்கள் முன் அமர்த்திப் பார்த்தனர். முதற்குழு முதலிடம் அளித்தவருக்கு இரண்டாம் குழு 13ஆம் இடம் அளித்தது. இரண்டாம் குழுவின் முதல்வருக்கு முதற்குழுவிடம் 11ஆம் இடம். தயாரிப்பால் எட்ட முடியாதது என்று கருதப்பட்ட ஆளுமை, கேட்பவர் மாறினால் மாறிவிடுகிறது என்றால், கேட்பவர் எதை விரும்புகிறார் என்று முன்கூட்டியே அறிந்துகொள்வதற்கு ஒரு விலை உண்டு என்பதும், அதை விற்பதற்கு ஒரு சந்தை உருவாகும் என்பதும் எதிர்பார்க்கக்கூடியவையே.

இந்தியாவில் ஐ.சி.எஸ். தேர்வு முதன்முறையாக 1922இல் அலகாபாத்தில் நடந்தது. லீ ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 1926 அக்டோபரில் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. மாகாணங்களில் சட்டமியற்றித் தனக்கென ஓர் ஆணையத்தை முதலில் அமைத்துக்கொண்டது 1929இல் சென்னை மாகாணம்தான். எந்தச் சமூகத்தினர் எத்தனை அரசுப் பணிகளில் இருக்கிறார்கள் என்ற கேள்வி வகுப்புவாரி அரசாணைகளின் காலத்தில் அங்கே தீவிரமாக எழுந்திருந்ததால், ஆளெடுப்பை அமைச்சர்களின் கைக்கு எட்டாத ஓர் அமைப்பிடம் ஒப்படைப்பது அரசியல் தேவையாகவும் இருந்தது. 1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது மத்திய ஆணையம் இன்றைய பெயரைப் பெற்றது. நேர்காணலும் ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் அப்படியே தொடர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் அதில் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் பெறாதவர், எழுத்துத் தேர்வில் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் வெளியேற்றப்பட்டார். 1950களின் பிற்பகுதியில் அவ்விதி கைவிடப்பட்டது.

அந்த ஆண்டுகளில் நேர்காணல் அறைக்குள் நுழைந்த முதல் தலைமுறைப் பட்டதாரியின் நிலையை எண்ணிப் பார்த்தால் வழிகாட்டி நூலின் தேவை விளங்கும். கேட்பவர்களில் பலர் ஐ.சி.எஸ். காலத்து அதிகாரிகளும் துணைவேந்தர்களும், பேச்சு ஆங்கிலத்தில், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு டென்னிஸ், பறவை பார்த்தல், மேற்கத்திய இசை என்று விடை சொல்லும் வீட்டுச் சூழல் ஒரு சிறு வட்டத்துக்கே வாய்த்திருந்தது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளையின் ஓய்வு நேரம் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் கழிந்திருக்கும். அதைச் சொல்லலாமா கூடாதா என்று அவனுக்குச் சொல்ல வீட்டில் ஆளில்லை. எழுதப்படாத விதிகள் மிகுதியாக இருக்கும் இடத்தில், அவற்றை எழுதி விற்பவருக்கு வாசகர் பஞ்சம் வருவதில்லை.

தில்லியில் ராவ் என்பவர் தொடங்கிய பயிற்சி நிலையம் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ‘காம்பெடிஷன் சக்சஸ் ரிவ்யூ’ இதழ் 1964இல் தில்லியிலிருந்து வெளிவரத் தொடங்கி, ஆங்கிலம் அரைகுறையாக அறிந்த சிற்றூர் இளைஞர்களின் கையிலும் மாதந்தோறும் புழங்கியது. வென்றவர்களின் பேட்டிகளும், நேர்காணல் அறையில் நடக்கும் உரையாடலின் மாதிரிகளும் அதன் ஈர்ப்பாக இருந்தன. வேலைவாய்ப்புச் செய்திகளுக்கென்றே மத்திய அரசு வார இதழ் ஒன்றை 1976இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்குக் கோனார் உரை பழக்கிவைத்திருந்த வாசிப்பு முறை, அதாவது மூல நூலுக்கு முன்னால் வினா விடையைப் படிக்கும் முறை, போட்டித் தேர்வுக்கும் எளிதாகப் பெயர்ந்தது. சுரா, சக்தி போன்ற சென்னைப் பதிப்பகங்களின் தடித்த கைடுகள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கின. புதிது வாங்க முடியாதவர் திருவல்லிக்கேணியில் பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடைகளில் முந்தைய ஆண்டுப் பதிப்பைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். தமிழ்நாடு அரசும் ஆட்சிப் பணித் தேர்வுகளுக்கென்று ஒரு பயிற்சி மையத்தை 1960களிலேயே சென்னையில் நிறுவியது.

இந்த நூல்களில் நேர்காணலுக்கென்று ஒதுக்கப்பட்ட அத்தியாயம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். கதவை மெல்லத் தட்டி, உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும். தலைவருக்கு முதலில் வணக்கம், பிறகு மற்றவர்களுக்குப் பொதுவாக ஒன்று. குழுவில் பெண் உறுப்பினர் இருந்தால் அவருக்குத் தனியே. உட்காரச் சொன்ன பிறகே உட்கார வேண்டும், நாற்காலியைத் தரையில் தேய்த்து இழுக்கக் கூடாது. கைகளை மேசை மேல் ஊன்றாமல் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கேட்டாலும் விடையை எல்லாரையும் பார்த்துச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உடை பற்றிய பகுதியில் ஆண்களுக்கு வெளிர் நிறச் சட்டை, பளிச்சென்ற காலணி, பெண்களுக்குப் பகட்டில்லாத பருத்திப் புடவை என்று சொல்லிவிட்டு, புதிய காலணியை அன்றுதான் முதன்முதலாகப் போடாதீர்கள் என்ற அறிவுரையையும் சேர்த்திருப்பார்கள். பெயரின் பொருள், பிறந்த மாவட்டத்தின் சிறப்பு, அங்குள்ள ஆறு, அணை, தொழில், படித்த பட்டத்துக்கும் விரும்பும் பணிக்கும் உள்ள தொடர்பு, அன்றைய நாளிதழின் தலையங்கம் என்று கேள்விகளின் பட்டியல் தொடரும். இவற்றுள் பெயர், ஊர் பற்றிய கேள்விகள் வெறும் பதற்றம் தணிப்பவை என்று நூல்கள் சொல்லும். ஆனால் தஞ்சாவூரிலிருந்து வந்தவர் காவிரி நீர்ப் பங்கீட்டைப் பற்றியும், சிவகாசியிலிருந்து வந்தவர் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தை உழைப்பைப் பற்றியும் அடுத்த கேள்வியிலேயே பேச நேரும் என்பதால், அந்த எச்சரிக்கையைச் சேர்த்துத் தந்த நூலே நல்ல நூல்.

மேற்கண்ட அறிவுரைகளை எள்ளி நகையாடுவது எளிது, பலரும் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் கதவைத் தட்டுவதிலிருந்து காலணி வரை ஒவ்வொன்றும் சில வீடுகளில் உணவு மேசையில் தானாகவே கற்பிக்கப்பட்டவை; மற்ற வீடுகளுக்கு அவை சில ரூபாய் விலையில் அச்சில் கிடைத்தன என்பதே இந்நூல்களின் சமூக வரலாற்றுப் பொருள். இவற்றின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆட்சிப் பணிக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, மக்கள் சேவை, பரந்த வாய்ப்பு, சவால் என்ற மூன்று சொல்லையும் ஒரே வரிசையில் அடுக்கும் விடையை ஆயிரம் பேர் மனப்பாடம் செய்து ஒரே மாதத்தில் ஒரே கட்டடத்தில் ஒப்பித்தார்கள். உங்கள் குறை என்ன என்று கேட்டால் அளவுக்கு மீறி உழைப்பது என்று சொல்லச் சொன்ன நூல்களும் உண்டு. நாணயமின்மையைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இதைச் சொல்வது மிகையாகலாம், ஆனால் தன்னைப் பற்றிய கேள்விக்குப் பிறர் எழுதிய விடையைச் சொல்லும் பழக்கத்தை அவை வளர்த்தன.

தேர்வாளருக்கும் வழிகாட்டி நூலுக்கும் இடையிலான இந்த மோதல் படைத்துறைத் தேர்வில் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் உருவாக்கிய அதிகாரி தேர்வுக் குழு முறை 1943இல் இந்தியாவுக்கு வந்தது. ஐந்து நாள் அளவில் ஓரிடத்தில் தங்கவைத்து, நேர்காணலோடு உளவியல் சோதனைகளையும் குழுப் பணிகளையும் நடத்தும் முறை அது. சொல் தொடர்புச் சோதனையில் 60 சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் 15 வினாடிக்குள் மனத்தில் முதலில் பட்டதை எழுத வேண்டும். மங்கலான படங்களைப் பார்த்துக் கதை எழுதும் சோதனையில் இறுதியில் ஒரு வெற்றுத்தாளும் காட்டப்படும். யோசிக்க நேரம் தராமல் உள்மனத்தைப் பிடிப்பதே நோக்கம். வழிகாட்டி நூல்களோ 60 சொல்லுக்கும் பொருத்தமான வாக்கியங்களை அச்சிட்டு, வெற்றுத்தாளுக்கு முன்கூட்டியே ஒரு கதையைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லின. கேள்வி தாக்குதலாக வந்தாலும் விடை வீரமாக முடிய வேண்டும் என்பது அந்நூல்களின் பொது விதி.

நேர்காணலுக்கு எவ்வளவு எடை என்ற கேள்வியை இதற்கிடையில் நீதிமன்றங்கள் கையில் எடுத்துக்கொண்டன. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்காகத் தமிழ்நாடு அரசு நடத்திய நேர்காணலில் 75 மதிப்பெண் ஒதுக்கியிருந்ததை எதிர்த்த பெரியகருப்பன் வழக்கில், மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று பிரித்துத் தராமல் மொத்தமாக வழங்கிய முறையை உச்ச நீதிமன்றம் குறை கண்டது. ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் (1981), 150க்கு 50 மதிப்பெண் நேர்காணலுக்கு என்பதும், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடமே செலவிடப்பட்டது என்பதும் வெளிவந்தபோது, அது தன்னிச்சையானது என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும், நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அதே ஆண்டில் லீலா தர் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, ஆளுமை முதிராத வயதினருக்கு நேர்காணல் எடை குறைவாகவும், முதிர்ந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கூடுதலாகவும் இருக்கலாம் என்று வேறுபடுத்திக் காட்டினார். 1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் ஹரியானா ஆட்சிப் பணித் தேர்வு வந்தது: முன்னாள் படைவீரர்களுக்கு 33.3, மற்றவர்களுக்கு 22.2 விழுக்காடு நேர்காணலுக்கு. காலியிடங்களைப் போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டோர் அழைக்கப்பட்டிருந்தனர். மத்திய ஆணையம் பின்பற்றிய 12.2 விழுக்காட்டையே மாநிலங்களும் பின்பற்றலாம் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியது.

அந்த 12.2 என்ற எண், இயற்பியலாளர் தௌலத் சிங் கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 1979இல் நடைமுறைக்கு வந்த திட்டத்திலிருந்து பிறந்தது. மொத்தம் 2,050 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 250. 1993இல் அது 2,300க்கு 300 ஆகவும், 2013இல் 2,025க்கு 275 ஆகவும் மாறியது. ஆனால் 1979இன் மாற்றத்தில் எண்ணை விடப் பெரியது மொழி. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் முதன்மைத் தேர்வை எழுதலாம், நேர்காணலிலும் அம்மொழியில் விடை சொல்லலாம் என்றானபோது, ஆங்கிலப் பேச்சுப் பழக்கம் என்ற பழைய வடிகட்டியின் துளை சற்று அகன்றது. 1984இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த ஆர். பாலகிருஷ்ணன் இத்தேர்வைத் தமிழிலேயே எழுதி வென்றவர் என்று அறியப்படுகிறார். அதன் பிறகு தமிழில் எழுதப்பட்ட வழிகாட்டிகளின் இயல்பும் மாறியது; வெ. இறையன்புவின் ‘ஐ.ஏ.எஸ். வெற்றிப் படிக்கட்டுகள்’ போன்ற நூல்களை, தொழில்முறைக் கைடு எழுத்தாளர் அல்லாமல், அந்த அறைக்குள் ஒருமுறை அமர்ந்து எழுந்து வந்தவரே எழுதினார்.

தனியார் துறையின் கதை சற்றே வேறு பாதையில் சென்றாலும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1990களின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கே வந்து ஆளெடுத்த மென்பொருள் நிறுவனங்கள், படித்த பாடத்தை விட, புதிரை அவிழ்க்கும் திறனைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டன. உடனே சகுந்தலா தேவியின் ‘பஸில்ஸ் டு பஸில் யூ’ நூலும், ஆர். எஸ். அகர்வாலின் கணிதத் திறன் நூலும் விடுதி அறைகளில் பாடநூல்களை விட அதிகம் கிழிந்தன. ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்ற ஒற்றைக் கேள்விக்கு இரண்டு நிமிட ஆங்கில விடையை மனப்பாடம் செய்வது இறுதியாண்டின் எழுதப்படாத பாடமாயிற்று. ஈரோட்டு விசைத்தறிக் குடும்பத்துப் பெண்ணும் நாகப்பட்டினத்து மீனவர் மகனும் தம்மை ஒரே வாக்கியங்களால் அறிமுகப்படுத்திக்கொண்டார்கள்.

2015ஆம் ஆண்டின் விடுதலை நாள் உரையில் பிரதமர், கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் எதற்கு என்று கேட்டதைத் தொடர்ந்து, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் ‘பி’ பிரிவின் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் நேர்காணல் நீக்கப்பட்டது. இலஞ்சத்துக்கும் பரிந்துரைக்கும் இடம் தருகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். 1853இல் ஒழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட பரிந்துரை, அதைத் தொடர்ந்து வந்த போட்டித் தேர்வின் கடைசி அறை வழியாகவே திரும்பி வந்தது என்று அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோர் எழுதும் குரூப் 4 தேர்வில் நேர்காணல் இல்லை. துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் பதவிகளுக்கான குரூப் 1 தேர்வில் முதன்மைத் தேர்வின் 750 மதிப்பெண்ணோடு நேர்காணலுக்கு 100 உண்டு. இதனால் நேர்காணல் கைடின் வாசகர் எண்ணிக்கை சுருங்கி, ஆர்வம் ஆழமானது.

அந்தச் சிறிய வாசகர் கூட்டத்துக்கு இப்போது அச்சு நூல் போதுமானதாக இல்லை. முதன்மைத் தேர்வு முடிவு வெளியானதும், விண்ணப்பதாரர் நிரப்பித் தந்த விரிவான படிவத்தை, டி.ஏ.எஃப். என்று அவர்கள் சுருக்கிச் சொல்வதை, பயிற்சி மையத்தினர் வரிக்கு வரி எடுத்துவைத்துக்கொண்டு, அதில் பொழுதுபோக்கு என்று எழுதிய ஒரு சொல்லிலிருந்து முப்பது கேள்விகள் தயாரிக்கிறார்கள். கோலம் போடுதல் என்று எழுதியவரிடம் அதன் வடிவக் கணிதத்தையும், பெண்களே அதைப் போட வேண்டும் என்ற வழக்கத்தையும் கேட்டுப் பழக்குகிறார்கள். மாதிரி நேர்காணல் எனப்படும் ஒத்திகைக்குத் தலைவரும் நான்கு உறுப்பினர்களுமாக அமர்பவர்களில் ஓய்வுபெற்ற ஆட்சிப் பணி அதிகாரிகளும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். ஆணையத்தின் மெய்யான குழுக்களில் அமரும் அதே வகையினர் அவர்கள். பயிற்சி பெற்ற விடைகளை உறுப்பினர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்ற செய்தி பரவியதிலிருந்து, சரளமாக ஒப்பிக்காமல், ஓரிரு நொடி யோசித்துவிட்டு, சொந்தச் சொல்லில் தொடங்குவது எப்படி என்பதும் ஒத்திகையில் கற்பிக்கப்படுகிறது; அதற்கும் இந்த மையங்களில் மதிப்பெண் போட்டுத் தருகிறார்கள்.